மன்ஸ்டரின் பழைய ஆட்டக்காரர்கள்: ஃபோலியிலிருந்து ஆரம்பியுங்கள்

கேட்ட கேள்வி இது: "சமீபமாக ரக்பி பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அயர்லாந்தின் மன்ஸ்டர் அணியைப் பற்றி எல்லோரும் ஒரு மாதிரி உருகிப் பேசுகிறார்கள். அந்த அணிக்கு ஆடி ஓய்வு பெற்றவர்களில் யாரையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்? ஓ'கானல், ஓ'காரா இரண்டு பெயர்தான் எனக்குத் தெரியும்."

அந்த இரண்டு பெயரோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். என்னைக் கேட்டால் ஆன்டனி ஃபோலியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அவரைவிட வேகமானவர்கள், உயரமானவர்கள், நாட்டுக்காக அதிக ஆட்டம் ஆடியவர்கள் அந்த அணியில் வண்டி வண்டியாக உண்டு. ஆனாலும் மன்ஸ்டர் என்றால் என்ன என்று புரிய வேண்டுமானால் அவர் குடும்பக் கதையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், மற்றவர்கள் எல்லோரும் வழியில் தாமாகவே வந்து சேர்ந்துவிடுவார்கள்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து ரக்பியில் நான்கு மாகாண அணிகள்: லென்ஸ்டர், அல்ஸ்டர், கானாட், மன்ஸ்டர். நம் ரஞ்சி அணிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரஞ்சி ஆட்டத்துக்கு வராத கூட்டம் இதற்கு வரும். மன்ஸ்டர் என்பது தென்பகுதி, கார்க், லிமரிக், கெர்ரி, கிளேர், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்ட் என்று ஆறு மாவட்டம். டப்ளின் பக்கம் ரக்பி என்றால் பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஆட்டம். லிமரிக் நகரத்தில் மட்டும் அப்படி இல்லை, அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் டாக்டரும் ஒரே ஸ்க்ரமில் (இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து நின்று ஒருவரையொருவர் தள்ளுவது) தோளோடு தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஷானன், காரிஓவன், யங் மன்ஸ்டர் என்று அந்தச் சின்ன ஊருக்குள்ளேயே பல கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டை, பேட்டைக்குப் பேட்டை ஜென்மப் பகை. சனிக்கிழமை கிளப் ஆட்டத்தில் மூக்கை உடைத்துக்கொண்டவர்கள்தான் அடுத்த வாரம் ஒரே சிவப்புச் சட்டையில் மாகாணத்துக்காக நிற்பார்கள்.

சரி, 1978 அக்டோபர் 31. நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி அயர்லாந்து, பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் வந்திருந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்று நான்கு தேசிய அணிகளையும் வரிசையாகத் தோற்கடித்துவிட்டுப் போன அணி அது. அந்தப் பயணத்தில் அவர்கள் தோற்றது ஒரே ஒரு ஆட்டம், லிமரிக்கின் தோமண்ட் பார்க்கில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மன்ஸ்டரிடம். 12-0. ஆல் பிளாக்ஸுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கிறிஸ்டி கான்டிலன் ஒரு ட்ரை போட்டார், அதாவது எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தார் (அப்போதெல்லாம் ட்ரைக்கு நாலு புள்ளிதான்), டோனி வார்ட் ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் கன்வர்ஷன் உதையையும், ஆட்ட ஓட்டத்திலேயே உதைக்கிற டிராப் கோல் இரண்டையும் போட்டார். ஆரம்பத்திலேயே ஷேமஸ் டென்னிசன் என்ற ஒல்லியான நடுக்கள ஆட்டக்காரர், பாய்ந்து வந்த ஸ்டூ வில்சனை நேருக்கு நேர் மோதிச் சாய்த்ததுதான் ஆட்டத்தின் போக்கை மாற்றியது என்பார்கள். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் 12,000 பேர். இப்போது லிமரிக்கில் போய்க் கேட்டால் நானும் இருந்தேன் என்று சொல்கிறவர்களை நிற்கவைக்க அதுபோல எட்டு மைதானம் வேண்டும்.

அணித்தலைவர் டோனல் கானிஃப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருடைய அப்பா கார்க்கில் இந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து இறந்துபோனார். மகனுக்கு விஷயம் தெரிந்தது ஆட்டம் முடிந்த பிறகு. ஊரே கொண்டாடிய அந்த ராத்திரி வென்ற அணியின் தலைவன் அங்கே இல்லை.

அந்த அணியின் ஸ்க்ரமில் இரண்டாம் வரிசையில் நின்ற இரண்டு தடியர்கள் மாஸ் கீனும் பிரெண்டன் ஃபோலியும். மாஸ் கீன் கெர்ரி மாவட்டத்தின் கரோ என்ற குக்கிராமத்துக்காரர். அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில் வளர்ந்தவர், அந்த நாளில் கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் இருப்பவன் ரக்பி போன்ற 'அந்நிய' ஆட்டம் ஆடினால் தடை போட்டுவிடுவார்கள், அதனால் கல்லூரியில் மாஸ் ஃபென்டன் என்று பொய்ப் பெயரில் ரக்பி ஆடினார் மனிதர். 1971-ல் தடை நீங்கியது, அப்புறம் அயர்லாந்துக்கு 51 ஆட்டம். வாரநாளில் விவசாயத் துறையில் அரசு வேலை. அதே கரோ கிராமம்தான் மிக் கால்வியையும் கொடுத்தது. அவர் 1986-ல் கெர்ரி அகில அயர்லாந்து கேலிக் கால்பந்துக் கோப்பை வாங்கிய அணியிலும் இருந்தவர், பிறகு ரக்பிக்கு வந்து மன்ஸ்டருக்குத் தலைவராகி, 2000-லும் 2002-லும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அணியைக் கூட்டிப் போனவர். ஒரு குக்கிராமம், இத்தனை பேர். தண்ணீரில் என்ன இருக்கிறதோ.

இரண்டாவது தடியர் பிரெண்டன் ஃபோலி. அவர் மகன்தான் ஆன்டனி. ஆல் பிளாக்ஸை அப்பா சாய்த்த அன்று பையனுக்கு வயது ஐந்து, முந்தின நாள்தான் பிறந்தநாள். குடும்பம் கில்லலூவில், ஷானன் நதிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். அதே ஊர்தான் கீத் வுட்டும்: வழுக்கைத் தலை, ஹூக்கர், ஹூக்கர் என்றால் ஸ்க்ரமின் நட்ட நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியவர், ஆனால் இவர் மைதான ஓரத்தில் ஓடுகிற விங்கர் மாதிரி மைதானம் முழுக்க ஓடி அயர்லாந்துக்கு 15 ட்ரை போட்டார். 2001-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை முதன்முதலாக வாங்கியவரும் அவர்தான். அவர் அப்பா கார்டன் வுட்டும் அயர்லாந்துக்கு ஆடியவர். கீத் வுட் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்பகுதியை லண்டனில் ஹார்லிக்வின்ஸுக்குத்தான் ஆடினார், இடையில் ஒரு சீசன் மட்டும் மன்ஸ்டருக்கு வந்தார், அதனால் அவரைப் பட்டியலில் எங்கே வைப்பது என்று லிமரிக் பப்புகளில் இன்னும் சண்டை. வீட்டுப் பிள்ளை வெளியூரில் சம்பாதித்தாலும் வீட்டுப் பிள்ளைதான் என்பது என் கட்சி.

ஆன்டனி ஃபோலியை எல்லோரும் ஆக்சல் என்பார்கள், ஒரு ஹாலிவுட் படத்தில் எடி மர்ஃபி செய்த பாத்திரத்தின் பெயர் ஆக்சல் ஃபோலி, அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆடிய இடம் நம்பர் எட்டு, ஸ்க்ரமின் வால்பக்கம் நிற்பவர், பந்து பின்னால் வரும்போது அதை எடுத்து ஓடுவதா, கொடுப்பதா, காலடியிலேயே வைத்துக்கொண்டு எதிரியைப் பொறுமையிழக்க வைப்பதா என்று அந்த நொடியில் முடிவெடுப்பவர். ஃபோலியின் காலில் பெரிய வேகம் கிடையாது. பழைய வீடியோ கிடைத்தால் ஒரு வேலை செய்யுங்கள், பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். மற்றவர்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி நடந்து வருவார், ஆனால் பந்து கீழே விழுகிற இடத்தில் அவர்தான் நின்றுகொண்டிருப்பார். 2001-ல் ஐரோப்பியக் காலிறுதியில் பிரான்ஸின் பியாரிட்ஸ் அணிக்கு எதிராக மூன்று ட்ரை போட்டதும் அந்தக் கணக்கில்தான். மன்ஸ்டருக்கு 201 ஆட்டம், அயர்லாந்துக்கு 62. அவர் சகோதரி ரோஸியும் அயர்லாந்துப் பெண்கள் அணிக்கு ஆடியவர், போதாததற்கு ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தவர். அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர் யாரும் கிடையாது போலிருக்கிறது.

இப்போது நீங்கள் சொன்ன ஓ'காராவுக்கு வருவோம், ஏனென்றால் அவர் இல்லாமல் ஃபோலி கையில் கோப்பை வந்திருக்காது, கோப்பை அத்தனை வருஷம் தள்ளிப்போனதிலும் அவர் கால் இருந்தது. ரோனன் ஓ'காரா பிறந்தது அமெரிக்காவின் சான் டியேகோவில், வளர்ந்தது கார்க்கில். 2000-ல் முதல் ஐரோப்பிய இறுதி ஆட்டம், டிவிக்கன்ஹாமில் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் அணியோடு. கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி, உதைத்தால் கோப்பை. போகவில்லை. 9-8, ஒரே புள்ளியில் தோல்வி. இருபத்துமூன்று வயதுப் பையன். அதற்குப் பிறகு அவர் உதைத்த ஒவ்வொரு பெனால்டிக்கும் பின்னால் அந்த ஒரு உதை நின்றிருக்கும் என்பது என் ஊகம். மன்ஸ்டருக்கு 240 ஆட்டத்தில் 2,625 புள்ளி, அயர்லாந்துக்கு 128 ஆட்டத்தில் 1,083 புள்ளி.

2002 இறுதி ஆட்டம் இன்னும் கொடுமை. இங்கிலாந்தின் லெஸ்டர் அணியிடம் 15-9 என்று பின்தங்கி, கடைசி நிமிடத்தில் எதிரியின் கோட்டருகே ஸ்க்ரம் கிடைத்தது. பந்தை ஸ்க்ரமுக்குள் உருட்ட பீட்டர் ஸ்டிரிங்கர் கையில் ஏந்தி நிற்கிறார், நீல் பேக் என்ற லெஸ்டர்காரர் கையை நீட்டி அந்தப் பந்தைத் தட்டிவிட்டார், அப்பட்டமான தப்பாட்டம், நடுவர் அந்தப் பக்கம் நின்றதால் கண்ணில் படவில்லை. அதோடு போயிற்று. லிமரிக்கில் நீல் பேக் பெயரை இன்றைக்குச் சொன்னாலும் ஒரு கணம் பேச்சு நின்றுவிட்டுத்தான் தொடரும்.

இந்த ஸ்டிரிங்கர் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தவர். ஐந்தடி ஏழு அங்குலம், எழுபது கிலோவைச் சுற்றித்தான் எடை, நூற்றுப்பத்து கிலோ ஆட்களுக்கு நடுவே. ட்ரை போடுகிற ஆளே கிடையாது, பந்தை மின்னல் மாதிரி கைமாற்றிக் கொடுப்பது மட்டும்தான் அவர் தொழில், அது எதிரிக்கும் தெரியும். 2006 மே 20, கார்டிஃப் நகரில் மூன்றாவது இறுதி ஆட்டம், எதிரே பியாரிட்ஸ். ஸ்க்ரமிலிருந்து பந்து வருகிறது. ஸ்டிரிங்கர் வழக்கம்போல இந்தப் பக்கம் வீசப்போகிறார் என்று நம்பி பியாரிட்ஸின் விங்கர் உள்ளே நகர்ந்துவிட்டார். அந்த மூலையில் நாலு முழ இடம் காலி. ஸ்டிரிங்கர் வீசுவது போலத் திரும்பிவிட்டு அந்த இடுக்கில் தானே ஓடிப்போய்ப் பந்தை வைத்தார். இந்த மனிதன் இதைச் செய்வான் என்று உலகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் கூட்டாளிகள் உட்பட. ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது மைதானத்தின் பெரிய திரையில் ஒரு காட்சி ஓடியது: லிமரிக்கின் ஓ'கானல் தெரு, டிக்கெட் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் சிவப்புக் கடலாக நின்று இதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் களத்தில் இருந்தவர்களுக்கு ஏற்பட்ட வேகத்தை வீடியோவில் நாமே பார்க்கலாம். 23-19. கோப்பையை வாங்கியவர் தலைவர் ஆன்டனி ஃபோலி.

பால் ஓ'கானல் பற்றி நீங்களே நிறையப் படித்துக்கொள்ளலாம், எல்லா இடத்திலும் இருக்கிறது, அதனால் சுருக்கமாக. லிமரிக்காரர், யங் மன்ஸ்டர் கிளப், சின்ன வயதில் நீச்சல்காரர், ஆறடி ஆறு அங்குலம். 2008-ல் பிரான்ஸின் தூலூஸ் அணியை 16-13 என்று வென்று இரண்டாவது ஐரோப்பியக் கோப்பை வந்தபோது தலைவர் அவர். 2009-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கிலிருந்தும் பொறுக்கியெடுக்கும் லயன்ஸ் அணிக்கும் தலைவர். 2015 உலகக் கோப்பையில் பிரான்ஸோடு ஆடும்போது தொடைத் தசை எலும்பை விட்டே கிழிந்து ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார், அதுதான் கடைசி. அதற்கு முன்பே பிரான்ஸின் தூலோன் அணிக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார், அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக மன்ஸ்டரைத் தவிர வேறு எந்த ஊர்ச் சட்டையும் போடாதவராகவே முடிந்தது.

அவரைவிட எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது ஜான் ஹேஸைப் பற்றி. பட்டப்பெயர் 'காளை'. கப்பாமோர் பக்கத்து விவசாயக் குடும்பம், ரக்பிப் பந்தைத் தொட்டதே பதினெட்டுப் பத்தொன்பது வயதில். பிறகு நியூசிலாந்தின் தென்கோடி இன்வர்கார்கிலில் போய் ஆடித் தேறிவிட்டு வந்தார். டைட்ஹெட் ப்ராப், அதாவது ஸ்க்ரமின் மொத்தச் சுமையும் யார் கழுத்தில் இறங்குகிறதோ அந்த ஆள். ஒரு நல்ல ஆட்டத்தில் அவர் பெயரை வர்ணனையாளர் சொல்லவே மாட்டார், சொன்னால் ஏதோ சரிந்துவிட்டது என்று அர்த்தம். அயர்லாந்துக்கு 100 ஆட்டம் ஆடிய முதல் ஆள் ஓ'காராவும் இல்லை, ஓ'கானலும் இல்லை, இந்தக் காளைதான், 2010-ல். 2007-ல் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் தலைமை மைதானமான க்ரோக் பார்க்கில் இங்கிலாந்தோடு ஆடும் முன் தேசிய கீதம் பாடும்போது இவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுததை ஒருமுறை பாருங்கள். 2011 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தோமண்ட் பார்க்கில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அவருக்கு முன்னால் ப்ராப் இடத்தில் நின்ற பீட்டர் குளோசி வேறு ரகம். முரடர். 1996-ல் பிரெஞ்சு ஆட்டக்காரரின் தலையை மிதித்ததற்கு 26 வாரம் தடை வாங்கியவர், அதை நியாயப்படுத்த நான் தயாரில்லை. ஆனால் 2002-ல் வீட்டில் தீ விபத்தில் உடம்பு வெந்து, கட்டுக்களோடு சில நாளிலேயே வந்து பிரான்ஸின் கேஸ்த்ர் அணியோடு ஐரோப்பிய அரையிறுதி ஆடியதும் அதே ஆள்தான். ஆலன் குயின்லனும் கிட்டத்தட்ட அந்த வகை, எதிரியைச் சீண்டுவதில் மன்னன். 2008 இறுதி ஆட்டத்தில் தூலூஸின் பெரிய மனிதரான ஃபாபியன் பெலூஸையே பின்பக்கத்தில் உதைக்கும் அளவுக்குக் கோபப்படுத்தி மஞ்சள் அட்டை வாங்கவைத்தார். அடுத்த வருஷம் அந்தக் குணமே அவரைக் கவிழ்த்தது: லென்ஸ்டருடன் அரையிறுதியில் லியோ கல்லனின் கண் பக்கம் கை வைத்ததற்கு 12 வாரத் தடை, வாழ்நாள் கனவான லயன்ஸ் பயணம் கையை விட்டுப் போயிற்று.

வெளியூரிலிருந்து வந்தவர்களை விட்டுவிட்டால் பாவம். நியூசிலாந்துக்கு 46 ட்ரை போட்ட கிறிஸ்டியன் கல்லன் வந்தார், காயம் காயமாகவே காலம் போயிற்று. 49 ட்ரை போட்ட டக் ஹவ்லெட் வந்தார், சம்பளத்துக்கு வந்தவர் போல இல்லாமல் இந்த மண்ணுக்காரராகவே ஆகிவிட்டார். 2008 நவம்பரில் புதுப்பித்த தோமண்ட் பார்க்கைத் திறந்துவைக்க ஆல் பிளாக்ஸையே அழைத்தார்கள். அவர்கள் ஹக்கா (ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ஆடும் மாவோரிப் போர் நடனம்) ஆடுவதற்கு முன் மன்ஸ்டர் வரிசையிலிருந்து ஹவ்லெட், ருவா டிபோக்கி, லிஃபெய்மி மாஃபி, ஜெரமி மேனிங் என்ற நான்கு நியூசிலாந்துக்காரர்கள் சிவப்புச் சட்டையில் முன்னே வந்து தங்கள் சொந்த நாட்டுக்கு எதிராகவே ஒரு ஹக்கா ஆடினார்கள். மைதானம் கொந்தளித்துவிட்டது. முக்கிய ஆட்கள் பலர் தேசிய அணியோடு இருந்ததால் பாதிக்கு மேல் மாற்று ஆட்டக்காரர்கள், ஆனாலும் கடைசி சில நிமிடம் வரை மன்ஸ்டர்தான் முன்னிலை, அப்புறம் ஆல் பிளாக்ஸின் ரோக்கோகோகோ ஒரு ட்ரை போட்டு 18-16 என்று முடித்தார்.

அந்த மைதானத்தைப் பற்றி இன்னொன்று. எதிரணி ஆட்டக்காரர் பெனால்டி உதைக்கத் தயாரானாலும் மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொள்ளும். ஊளை கிடையாது, விசில் கிடையாது. இருபத்தைந்தாயிரம் பேர் மூச்சுவிடாமல் இருக்கும்போது எங்கோ ஒரு குழந்தை இருமுவது கேட்கும். மரியாதை என்பார்கள். உதைக்கிறவனைக் கேட்டால், கத்தியிருந்தால் தேவலை என்பான்.

பிறகு வந்தவர்களில் கீத் ஏர்ல்ஸ், கானர் மரே, பீட்டர் ஓ'மஹோனி மூவரும் அயர்லாந்துக்கு நூறைத் தாண்டியவர்கள். 2023-ல் கேப்டவுனில் அந்த ஊர் அணியான ஸ்டார்மர்ஸை 19-14 என்று வென்று பல வருஷக் கோப்பைப் பஞ்சத்தைத் தீர்த்த அணிக்கு ஓ'மஹோனிதான் தலைவர். மன்ஸ்டரின் ட்ரை கணக்கில் முதலிடம் சைமன் ஸீபோவுக்கு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சி.ஜே. ஸ்டாண்டர் நம்பர் எட்டாக நின்றார், ஃபோலியின் அதே இடம். அதனால்தான் மறுபடி ஃபோலிக்கே வருகிறேன்.

2014-ல் ஃபோலி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆட்டக்காரராகக் கிடைத்த சொர்க்கம் பயிற்சியாளராகக் கிடைக்கவில்லை, ஏச்சும் பேச்சும் நிறைய வாங்கினார். 2016 அக்டோபர் 16 அன்று ரேசிங் 92-வோடு ஆடுவதற்காக அணி பாரிஸ் போயிருந்தது. காலையில் ஹோட்டல் அறையில் அவர் இறந்து கிடந்தார். இதயக் கோளாறு. வயது நாற்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை கில்லலூவில் அடக்கம். மறுநாள் சனிக்கிழமையே தோமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவோடு ஆட்டம். அன்று மன்ஸ்டரில் எட்டாம் எண் சட்டையே கிடையாது, ஸ்டாண்டர் 24 என்று எழுதிய சட்டையோடு நம்பர் எட்டாக இறங்கினார். இருபது நிமிடம் முடிவதற்குள் ஏர்ல்ஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஒரு மணி நேரம் பதினான்கு பேர். 38-17 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஃபோலியின் இரண்டு சின்னப் பையன்களையும் நடுவில் நிறுத்தி அணி முழுக்க வட்டமாக நின்று பாடியது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 5, சிகாகோ. அயர்லாந்து ஆல் பிளாக்ஸோடு ஆடுகிறது. 1905-லிருந்து ஒருமுறைகூட அவர்களை அயர்லாந்து வென்றதில்லை, அயர்லாந்து மண்ணிலிருந்து அதைச் செய்திருந்த ஒரே அணி 1978-ன் மன்ஸ்டர்தான், பிரெண்டன் ஃபோலி நின்ற அணி. ஆல் பிளாக்ஸ் ஹக்காவுக்குத் தயாரானபோது அயர்லாந்துக்காரர்கள் வழக்கமான நேர்வரிசையில் நிற்கவில்லை. நடந்து வந்து எட்டு என்ற எண்ணின் வடிவில் நின்றார்கள். முன்னால் மரே, ஸ்டாண்டர், ஸீபோ, டோனக்கா ரயன், நால்வரும் மன்ஸ்டர்காரர்கள். அன்று 40-29. வீடியோ தேடினால் கிடைக்கும், ஹக்காவிலிருந்தே பாருங்கள்.